ஒன்று போதும் என்றார் மேனேஜர்

அந்தத் தொண்டு நிறுவன ஆபீசை நினைக்கவே எனக்கு இன்னும் பிடிக்காது. சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீர் புகுந்து வேலை நின்றுபோனதால், அங்கே டீ போடவும் பெருக்கவும் சேர்ந்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஆனால் தம்ளரோடு நிற்பவன் காதில் எல்லாமே விழும்.

என் அக்கா புருஷன் எக்கியார்குப்பத்தில் அலையோடு போனவர். வீடும் போனதால் அவர் முகமுள்ள படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அலைக்கு முன்பு இதே ஆபீஸ்காரர்கள் குப்பத்தில் எல்லாரையும் போட்டோ எடுத்திருந்தார்கள். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. பிரிண்டர் ரிப்பேர் என்று இழுத்தடித்தார்கள்.

"டேய் தம்பி, மாமா படம் இன்னிக்காச்சும் குடுப்பாங்களாடா?" என்று அக்கா தினமும் கேட்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடியது. அதைப் பார்த்துக்கொள்ள பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வருவார். டிஸ்க்கை உப்புப் பாத்தி போலப் பகுதிகளாகப் பிரித்திருந்தார். எந்த வரப்பு எங்கே என்று ஒரு வரைபடம் உள்ளேயே இருக்குமாம். வரப்பை மாற்றும்போதெல்லாம் மிஷினே பழைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுமாம்.

மேனேஜருக்குப் பழையது எதுவும் ஆகாது. என் விளக்குமாற்றைக்கூடத் தேய்வதற்குள் தூக்கிப் போடுவார்.

"இன்னாப்பா இது, ஒரே பேர்ல இத்தினி ஃபைலு? குப்பை மாதிரி."

"பழைய மேப்புங்க சார். கொறஞ்சது பத்தாவது இருக்கணும், ஒரு மாசத்துக்காவது இருக்கணும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு போட்டோ அளவு இடம்கூடப் புடிக்காது."

"ஒண்ணு போதும்பா. நாம இன்னா மியூசியமா நடத்துறோம்?"

பாண்டிச்சேரிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேனேஜர் எதிரில் உட்கார்ந்துகொண்டே ஒன்றுக்கு மேல் தங்காதபடி மாற்றவைத்தார்.

பிறகு வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு சினிமாவை ஏற்ற இடம் தேவைப்பட்டது. மேனேஜர் தானே உட்கார்ந்து ஒரு பகுதியை அழித்தார். அது போட்டோக்கள் இருந்த பகுதி. அதே இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கினார். முதல் மாற்றத்தில், அழிப்பதற்கு முந்தைய நல்ல வரைபடம் மிஞ்சியிருந்தது. இரண்டாவது மாற்றத்தில் அதுவும் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே பழைய வரைபடத்தில் போட்டோ பகுதியே இல்லை.

பாண்டிச்சேரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டோ உள்ளதான் சார் கெடக்குது. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னுதான் தெரியல" என்றார். அங்கங்கே தோண்டியதில் பாதி முகங்களும் முழுசாகச் சில ஆட்களும் கிடைத்தார்கள். மாமா கிடைக்கவில்லை.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மேனேஜர் அவளை ஆபீசுக்கே வரச் சொன்னார். ஃப்ரேம் போட்ட படம் ஒன்றைச் சிரித்துக்கொண்டே நீட்டினார்.

"இந்தாங்கம்மா, உங்க வீட்டுக்காரர்."

அக்கா பார்த்தாள். "இது எங்க வூட்டுக்காரரு இல்ல சார்."

"நல்லாப் பாருங்கம்மா. அழுது அழுது கண்ணு மங்கியிருக்கும்."

"கூட வாழ்ந்தவ எனக்கு அந்த மூஞ்சி தெரியாதா?"

"அட, மாலை போட்டு மாட்டத்தானேம்மா? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அக்கா படத்தைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் அதை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"இவரையும் ஒருத்தி தேடிக்கினு இருப்பா. அவளாண்ட குடுங்க."

அவள் போனதும், "உங்க அக்காவுக்கு வாய் ஜாஸ்திப்பா. போயி டீ கொண்டா" என்றார் மேனேஜர். கொண்டுபோனேன். மேஜையில் கறை படக்கூடாது என்று படத்திலிருந்தவர் முகத்தின்மேலேயே தம்ளரை வைத்துக்கொண்டார்.

நான் தம்ளரை எடுத்துத் தரையில் வைத்தேன். படத்தைச் சட்டையில் துடைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் அவர் கூப்பிட்டது கேட்டது.