ஜாக்கெட் அளவெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளே

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் சந்தனம் வைப்பது என் பொறுப்பு. அதில் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. மோட்டார் பம்பு, மருந்தடிக்கும் மெஷின், மண்வெட்டி, மனைவியின் தையல் மெஷின் என்று வரிசையாக அப்பிக்கொண்டே போய், கடைசியில் அவளுடைய கம்ப்யூட்டருக்கு வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அவ்வளவு விவரம் எனக்கு உண்டு. பிறகு அதன் நெற்றி எங்கே என்று பார்த்தேன். முன்பக்கம் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி, குளிரக் குளிரப் பொட்டு வைத்தேன்.

எங்கள் ஊர் கோவிந்தாபுரத்துப் பக்கம். பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலைவரை தொடமாட்டோம். அன்று நல்ல நேரம் பார்த்து, பிளக்கை மாட்டி, காய்ந்த சந்தனத்தின் மேலேயே பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, நாலைந்து விநாடியில் எல்லாம் நின்றுவிட்டது. இன்னும் பலமாக அமுக்கினேன். பிறகு விளக்குகூட எரியவில்லை.

மனைவி கையில் கத்தரிக்கோலோடு நின்றாள். அவள் ஜாக்கெட் தைப்பவள். சுற்றுவட்டாரப் பெண்கள் அத்தனை பேரின் அளவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. தீபாவளித் துணிகள் கட்டில் நிறையக் கிடந்தன. முன்பெல்லாம் நோட்டில்தான் எழுதி வைத்திருந்தாள். இனிமேல் நோட்டு எதற்கு என்று சொல்லிச் சொல்லி கம்ப்யூட்டர் வாங்க வைத்தவன் நான். அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டவனும் நான்தான்.

"ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்" என்றேன். எங்கேயோ கேட்ட வார்த்தை.

"அடிச்சா அளவெல்லாம் அப்படியே இருக்குமாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கரண்டைக் குறை சொன்னேன், தூசியைச் சொன்னேன், எலியைக்கூட விடவில்லை. அவள் பெட்டியைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்து, ஸ்கூட்டரை அவளே எடுத்தாள்.

பக்கத்து ஊரான கொல்லங்கோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தது ஒரு பெண். நான் முந்திக்கொண்டு, ஃபார்மட் அடித்துவிடலாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, மொதல்ல டிஸ்க்கக் கழட்டி என்ற மெஷின்ல மாட்டி, உள்ள இருக்கறதெல்லாம் காப்பி எடுத்துக்கறனுங்க. என்ன கோளாறுன்னு அப்பறமாப் பாக்கலாம். அது வரைக்கும் ஃபார்மட் அடிச்சு ஒண்ணையும் அழிக்கக் கூடாதுங்க."

"காப்பி எடுக்கறப்ப ஆம்பளைங்க யாரும் பாக்கக் கூடாதுங்க" என்றாள் மனைவி. இருபது வருஷக் குடித்தனத்தில் ஒரு பெண்ணின் அளவைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. கடைக்காரப் பெண் திரையை மனைவி பக்கம் திருப்பினாள். நான் ரோட்டைப் பார்த்து நின்றேன். தக்காளி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அளவு போயிருந்தால், தீபாவளிக்கு அவள் எத்தனை வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"எல்லாம் இருக்குதுங்க" என்ற மனைவியின் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

அதன் பிறகுதான் கடைக்காரப் பெண் பெட்டியின் முன்மூடியைக் கழற்றினாள். பொத்தானைச் சுற்றி மஞ்சளாகக் கட்டி தட்டியிருந்தது. ஊசியால் நெம்பியதும் பொத்தான் டக்கென்று வெளியே வந்தது.

"அமுங்குன பொத்தான் வெளிய வரலீங்க. உடாம அமுக்கிப் புடிச்சா அது தானா ஆஃப் ஆயிருமுங்க. சந்தனம் உள்ள எறங்கி ஒட்டிக்கிச்சு. ஆருங்க இத்தன வெச்சது?"

மனைவி என் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு நோட்டும் ஒரு பென் டிரைவும் வாங்கினாள். நோட்டில் எல்லா அளவையும் மறுபடி எழுதி முடித்துவிட்டுத்தான் முதல் துணியை வெட்டினாள். நோட்டை எனக்குத் தெரியும், பீரோவில் இருக்கிறது. பென் டிரைவை எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. போன ஆயுத பூஜைக்குக் சந்தனக் கிண்ணமும் கையுமாக நின்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்குச் சொன்னா அதுக்கும் பொட்டு வெப்பீங்க" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.