நான் வீட்டோடு இருந்த மூன்று மாதம்

என் வீட்டுக்காரர் கங்காணியான அன்றே எனக்கு வேலை போயிற்று. தோட்டத்துத் துரை போகச் சொல்லவில்லை, கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லை. சொன்னவர் வீட்டுக்காரர்தான்.

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அதுவரை கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பழைய கோட்டும் ஒரு தடியும் கொடுத்து, கொழுந்து பறிக்கிற இருபது பெண்களை மேய்க்கச் சொன்னார்கள். அந்த இருபதில் நானும் ஒருத்தி. அங்கேதான் சிக்கல்.

"கங்காணி பொண்டாட்டி கங்காணி முன்னாலயே கூடையோட நின்னா நல்லாவா இருக்கும்? நீ இனிமே வீட்டோட இரு புள்ள. பேர வெட்டச் சொல்லிட்டேன்" என்றார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

பேர் என்றால் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற பேர். அது இருந்தால்தான் வேலை, சம்பளம், கிழமைக்குக் கிழமை தோட்டத்து அரிசி. ஒருமுறை வெட்டிவிட்டால் மறுபடி எழுதுவது துரையின் மனசைப் பொறுத்தது. அந்த நாளில் துரைமார்களுக்குப் புதிதாகப் பேர் எழுதுவதில் ஆசை இல்லாமல் இருந்தது. பதினாலு வயதில் என் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எழுதிய பேர் அது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அன்று அவருக்குச் சோற்றில் குழம்பு ஊற்றவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் விடியற்காலை பேர் வாசித்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டபோது, எல்லோரும் குளிரில் எழுந்து ஓட, நான் மட்டும் கம்பளிக்குள் காலை மடக்கிப் படுத்திருந்தேன். அந்தச் சுகத்துக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது. சின்னவனை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடாமல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். பெரியவள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முதல்முறையாகச் சுடச்சுடச் சோறு போட்டேன். அட்டைக்கடி இல்லை, செடி கிழித்த சேலை இல்லை. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் துவைத்து மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தேன். என் சம்பளம் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் இருந்தால் செலவும் குறையும்தானே என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்.

முதலில் காலை வாரியது விறகு.

மலையில் இருந்து இறங்கும்போது கொழுந்தை நிறுத்துக் கொட்டிவிட்டு, வெட்டிப்போட்ட தேயிலை மிலாறை ஒரு கட்டுக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். மிலாறு என்பது காய்ந்த தேயிலைக் குச்சி. நின்று எரியும், புகையும் குறைவு. எல்லாப் பெண்களும் கொண்டுவருவார்கள். ஆண்கள் யாரும் தொட மாட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் நானும் தலையில் தூக்கியிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பணமாக நினைத்ததில்லை. வீட்டோடு இருந்த இரண்டாவது வாரம் இறவாரத்தில் அடுக்கிய விறகு இடுப்பளவில் இருந்து முழங்கால் அளவுக்கு இறங்கியது. குளிருக்குப் பயந்து நான் நாள் பூராவும் அடுப்பை அணையவிடாமல் வைத்திருந்ததும் ஒரு காரணம்.

"வரும்போது ரெண்டு கட்டு மிலாறு கொண்டாந்தா என்னங்க?" என்று கேட்டேன்.

"கோட்டு போட்டுக்கிட்டு வெறகு தூக்கவா?" என்றார் கங்காணி.

அப்புறம் கீழே கிராமத்தில் இருந்து வருகிற ஒரு சிங்களப் பெரியவரிடம் கட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விறகு வாங்கினோம். தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்துகொண்டு விறகு வாங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்தப் பெரியவரே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

அடுத்தது கீரை. மலையில் தண்ணீர் ஓடும் கானோரத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று கண்ணில் பட்டதை எல்லாம் கிள்ளிப் படங்கு மடிப்பில் சொருகிக்கொண்டு வருவேன். வாரத்தில் நாலு நாள் கறி அதுதான். இப்போது அதற்குப் பதிலாகப் பருப்பும் கருவாடும் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. என்னுடைய சம்பளம் மட்டும் நின்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தோடு சேர்ந்து தலையிலும் மடியிலும் வந்ததெல்லாமும் நின்றுபோயிருந்தது.

அதோடு விட்டதா? பகலில் எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்கு யார் யாரெல்லாம் வருவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நாங்கள் மலையில் இருக்கிற நேரத்தில் லயத்து வாசலில் ஒரு சின்ன பஜாரே நடந்துகொண்டிருந்திருக்கிறது. பத்து மணிக்கு ரொட்டி விற்கிற பாண்காரர் தலையில் பெட்டியோடு வந்து ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்கும்வரை பசிக்காத பிள்ளைக்கு அப்போதுதான் பசிக்கும். பிள்ளைக்கு ஒரு இனிப்புப் பணிஸ் வாங்கினால் எனக்கும் ஒன்று. வளையல்காரி வருவாள். வந்தவளை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? மலையில் உள்ளங்கையில் துளி சீனி வைத்து நக்கிக்கொண்டு வெறும் சாயத்தண்ணி குடித்தவள், வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சீனி போட்டு ஆற்றிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய சீனி புதன்கிழமையே தீர்ந்து சிரட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே துணி மூட்டைக்காரர். பஜாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளிக்குச் சொந்தக்காரர். முதுகில் மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்குவார். நல்ல பேச்சுக்காரர். "பாத்துட்டுத் தந்திருங்க தங்கச்சி, வாங்கவா சொன்னேன்?" என்று சொல்லியே மூட்டையை அவிழ்த்துவிடுவார். அவர் காட்டியதில் ரோஜாப்பூப் போட்ட ஒரு ஜன்னல் திரை இருந்தது. துரை பங்களாவில் அந்த மாதிரி ஒன்றை வெளியில் இருந்து பார்த்திருக்கிறேன். கை என்னை அறியாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, சுவரில் ரெண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்த திரையை நின்று பார்த்தார். மெதுவாக அதைத் தூக்கிப் பின்னால் இருந்த சுவரையும் பார்த்தார். லயத்துக் காம்பராவில் ஒரு கதவுதான் உண்டு, ஜன்னல் கிடையாது.

"எங்க புள்ள ஜன்னல்?" என்றார்.

"வாங்கிட்டு வாங்க" என்றேன்.

ரெண்டு பேரும் சிரித்தோம். அந்த மூன்று மாதத்தில் சண்டை போட்டதைவிடச் சிரித்தது அதிகம் என்றுதான் ஞாபகம். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பில் அவரும் நேரத்தோடு வீடு வந்து சேர்ந்தார். அந்தத் திரை சுவரை மறைத்துக்கொண்டு பல வருஷம் தொங்கியது.

நஷ்டம் மட்டுமே என்று சொன்னால் அது பொய். வாங்குவது எப்படி என்று நான் படித்ததும் அப்போதுதான். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பஜார். எல்லாத் தோட்டத்து ஆளும் ஒரே நாளில் இறங்கும். கடையில் முண்டியடித்துக்கொண்டு கையை நீட்டினால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். சாமான் கட்டுகிறவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. வீட்டோடு இருந்ததால் ஒரு புதன்கிழமை சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினேன். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த முஸ்லிம் முதலாளி. நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எனக்கு முக்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"இந்தப் பருப்பு வேணாம் தங்கச்சி, அடி மூட்டை. இருங்க, புதுசு பிரிக்கிறேன்" என்றார்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் இதத்தான நானா கட்டிக் குடுக்கிறீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஞாயிறு அன்னைக்கு யாரு கேக்கிறாங்க?" என்றார்.

அன்று தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கினேன். வெங்காயத்தைப் பொறுக்கி வாங்கினேன். விலையும் கொஞ்சம் குறைத்தார். அதே கடை, அதே ஆள், அதே சாமான். நாள்தான் வேறு. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக எனக்குப் பிடிப்பதில்லை. சின்னவன் பிள்ளைக் காம்பராவுக்குப் போகாததால் சளி, இருமல் என்று மருந்துக்கு அலைந்ததும் நின்றது. மலையில் கூட வேலை செய்தவர்களின் பேச்சுத்துணை இல்லாததால் என் வெற்றிலைச் செலவுகூடப் பாதியாயிற்று. இப்படி ஒரு பக்கம் ஓட்டையை அடைத்துக்கொண்டே வந்தேன், மறு பக்கம் விறகிலும் அரிசியிலும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது மாதம்தான் ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக்காரர் பீடியை முழுசாகக் குடிப்பதில்லை. பாதியில் அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு வந்து, மிச்சத்தை என் அடுப்புக் கங்கில் பற்ற வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் பஜாருக்குக் கூப்பிட்டால், "கால் வலிக்குது, நீங்க போங்கப்பா" என்று உள்ளே வந்து படுத்துக்கொண்டார். தேத்தண்ணிக் கடை வடை அவருக்கு உயிர். கங்காணிச் சம்பளம் கொஞ்சம் கூடத்தான். என்றாலும் ரெண்டு பேர் சம்பளம் ஆகாது. கோட்டுப் போட்ட மனுஷன் பீடிக்கு வழியில்லாமல் படுத்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"நாளைக்கு நான் பெரட்டுக்கு வர்றேன்" என்றேன்.

"வந்து? பேருதான் இல்லையே."

"துரைகிட்ட கேக்கிறேன். கால்ல விழுந்தாவது எழுதச் சொல்றேன். ஒங்க கோட்டுக்காக நான் பேர எழந்துட்டு நிக்கிறேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

விடிந்ததும் அவர் கிளம்பிப் போகும்வரை படுத்திருந்தேன். பிறகு எழுந்து, சின்னவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, படங்கைக் கட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் துரையிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் மூடுபனி. கணக்கப்பிள்ளை பேர் வாசித்து வேலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் கடைசியில் போய் நின்றேன். முன்னால் கோட்டும் தடியுமாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர்.

கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தியாக வாசித்தார். எனக்கு முன்னால் வருகிறவளின் பேர் வந்தது. அதற்கு அடுத்து, என் பேர் வந்தது.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. வாயைத் திறப்பதற்குள் முன்னால் இருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"காய்ச்சலுங்கய்யா. நாளைக்கு வந்துரும்."

பெண்கள் பக்கத்தில் இருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. கணக்கப்பிள்ளை புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கினார்.

"போன வாரம் இடுப்பு வலி. அதுக்கு முந்தி தங்கச்சி வீட்டு விசேஷம். மூணு மாசமா தெனம் ஒண்ணு சொல்லி அந்தப் பேர வெட்டவிடாமப் புடிச்சு வச்சிருக்கீங்க கங்காணி. காய்ச்சல்காரி இந்தா கூடையோட நிக்குது."

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என் பேரை வெட்டவே இல்லை என்பது லயத்தில் அத்தனை பேருக்கும் தெரியுமாம். "அவகிட்ட சொல்லிராதீங்க, சொன்னா மறுநாளே வந்து நிப்பா" என்று ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சி வைத்திருக்கிறார். மூன்று மாதமாக இல்லாத பேருக்காக நான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்ததற்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தினமும் காலையில் இத்தனை பேர் முன்னால் நின்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்ததும் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காய்ச்சல் விட்டிருச்சுங்கய்யா" என்றேன்.

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மற்ற பெண்களும் கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க, கங்காணிக் கோட்டோடு என் முன்னால் நின்று, என் கூடைக் கயிற்றைத் தூக்கித் தலையில் சரியாக வைத்துவிட்டார்.