யன்னலுக்கு வெளியே நின்றவர்

நலன்புரி உதவிக்குக் குடும்பங்களைப் பதியும் வேலையாக இறுப்பிட்டிக்குப் போயிருந்தேன். ஆறு அறைகள் கொண்ட பெரிய வீடு அது. சொந்தக்காரர்கள் கனடாவில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, சாயம் போன சேலை. என்னை முன்கூடத்துக் கதிரையில் இருத்திவிட்டு, வெளியே இறங்கிச் சுற்றி நடந்துபோய் யன்னலடியில் நின்றார்.

“உள்ளுக்கு வாங்கோவன் அக்கா.”

“இல்லைத் தம்பி. கூட்டித் துடைக்க மட்டும்தான் ஹோலுக்க வாறனான். நான் சமைச்சுப் படுத்து இருக்கிறதெல்லாம் பின்னால குசினியில.”

படிவத்தில் இருந்த கேள்விகளை அப்படியே கேட்டேன். தரைக்கு மாபிள் பதித்ததா? ஓம். கரண்ட் இருக்கிறதா? ஓம். எல்லாவற்றுக்கும் யன்னல் கம்பிகளைப் பிடித்தபடி உண்மையே சொன்னார்.

“குசினியில இருக்கிறியள் எண்டு எழுத இதில இடமில்லை அக்கா.”

“அப்ப வீட்டை உள்ளபடி எழுதுங்கோ. அவையின்ர வீட்டை நான் குறைச்சுச் சொன்னதெண்டு வரக்கூடாது.”

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு வந்த உதவி பெறுவோர் பட்டியலில், மாபிள் வீட்டில் இருப்பவரென்று அவர் பெயர் விடுபட்டிருந்தது. படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துக்கு நேர்மேலே ‘வேறு குறிப்புகள்’ எழுதுவதற்கென்று விட்ட இரண்டு வரிகள் வெறுமையாகக் கிடந்தன.

மேன்முறையீட்டுப் படிவத்தோடு திரும்பவும் போனேன். அதே கதிரையில் என்னை இருத்திவிட்டு அவர் அதே யன்னலடிக்குப் போனார். நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “வீட்டைச் சரியாத்தானே தம்பி எழுதினனீங்கள்?” என்றார்.

ஓம் என்றேன்.