அண்ணன் ஏறிய வண்டி

அண்ணனைக் குடியிலிருந்து மீட்கும் மையத்தில் சேர்க்க, கம்பெனி வண்டி மாதிரியே ஒரு வண்டியைக் கொண்டுவரலாம் என்ற யோசனை அண்ணியுடையது. கேட்டால் வரமாட்டார். கேட்டுக் கேட்டு அண்ணிக்கு வாய் வலித்துவிட்டது. ஜூஜுவாடி கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் குடித்துவிட்டு வருவார். ரத்த வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தார்.

"தாலிக்காகச் சொல்லல தம்பி. ஆளே போயிருவாரே" என்றார் அண்ணி.

எங்கள் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வண்டியைப் பார்த்து ஏறுவதில்லை. ஒப்பந்த வண்டிதானே, இன்றைக்கு வெள்ளை, நாளைக்கு நீலம். கண்ணாடியில் கம்பெனி அட்டை தெரிந்தால் போதும், ஏறித் தூங்கிவிடுவார்கள். எவ்வளவு குடித்தாலும் அண்ணன் காலை வண்டியை விட்டதில்லை. மத்திகிரி நிறுத்தத்தில் மற்றவர்களுக்கு முன்பே சாப்பாட்டுப் பையோடு நிற்பார். "குடிகாரன்னு சொல்லு, வேலைக்கு வராதவன்னு சொல்லாத" என்பது அவர் பேச்சு.

அன்றைக்கும், கம்பெனி அட்டை வைத்துக் கொஞ்சம் முன்னதாகவே போய் நின்ற எங்கள் வண்டியில் ஏறினார். உள்ளே மையத்து ஆட்கள் இருவர், கடைசி சீட்டில் நான். வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். அப்போது எனக்கு வேலை கிடையாது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"டேய், உன்னையும் எடுத்துட்டாங்களா? சொல்லவே இல்ல பாரு. எந்த லைன்ல போட்டிருக்காங்க?"

பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டார். "மொத நாள் அப்படித்தான் இருக்கும். சூப்பர்வைசர் கன்னடத்துல திட்டுவான். பாட்டுன்னு நெனச்சுக்க."

வண்டி ஜூஜுவாடிப் பக்கம் திரும்பாமல் கிருஷ்ணகிரி ரோட்டைப் பிடித்தது. "ஏங்க டிரைவரு, வழி மாறிப் போறீங்க" என்றார். டிரைவர் வேகத்தைக் கூட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கத்தவில்லை, அடிக்கவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு, இறங்கும்வரை வெளியே பார்த்தபடி வந்தார்.

குடி நின்றது. இன்றுவரை தொடவில்லை. உடம்பு தேறி, வேலைக்கும் போகிறார், டவுன் பஸ்ஸில். என்னோடு பேசுகிறார், மழையைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி.

ஒரே ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்" என்றார். "வந்திருக்க மாட்டீங்க" என்றார் அண்ணி. இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது கொஞ்சம் கூடுதல் உண்மை என்று யோசித்து யோசித்துத் தூக்கம்தான் போனது.

போன வாரம் அண்ணி காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். "குடிச்சப்ப தெரு முனையிலருந்தே என்னைக் கூப்பிட்டுக்கிட்டு வருவாரு தம்பி, மானம் போவும். இப்ப வீட்டுக்குள்ள வந்துட்டாரான்னு நான்தான் எட்டிப் பாக்கணும்."

நறுக்கிய காயைச் சட்டியில் போட்டார்.

"மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சாருன்னா, அந்த வண்டியத்தான் வரச் சொல்லுவேன்."