பாகான் செராய்க்கு நேரே டிக் இல்லை

என் கணினித் திரையின் இடது ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. செலோடேப் பழுப்பேறி ஒரு மூலை கழன்றுவிட்டது. ஈப்போ, தஞ்சோங் ரம்புத்தான், ஹுத்தான் மெலிந்தாங், பாகான் செராய் என்று பென்சிலில் நான்கு ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே அங்குள்ள கணினியில் ஓடும் மென்பொருளின் வெர்ஷன் எண், அதன் பக்கத்தில் ஒரு டிக். பாகான் செராய்க்கு மட்டும் டிக் இல்லை. அலுவலகம் இரண்டு முறை இடம் மாறியபோதும் இதைப் பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறேன்.

எழுத்து அக்காவுடையது. உடன்பிறந்தவர் அல்ல; ஈப்போவில் அந்தச் சின்ன நிறுவனத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர், நான்கு வயது மூத்தவர். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அதற்காக அவர் ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை. "அங்க என்னா இருந்துச்சு, கொசு லா" என்பார். டயாலிசிஸ் செய்யும் சில தனியார் நிலையங்களுக்கு நாங்கள் கணினி வேலை பார்த்தோம். காலையில் வேன் யார் யாரை ஏற்றிவர வேண்டும் என்று நோயாளிக்கு ஒரு சீட்டு அச்சாகும். அச்சிடுவது அக்கா எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு சிறு நிரல். ஒரே ஸ்கிரிப்ட் நான்கு ஊரிலும் ஓட வேண்டும், ஆனால் ஊருக்கு ஒரு வெர்ஷன். அதனால் அக்காவின் ஸ்கிரிப்ட் எடுத்த எடுப்பில் 'நீ எந்த வெர்ஷன்?' என்று கணினியைக் கேட்கும். பழையது என்றால் ஒரு வழி, புதியது என்றால் வேறு வழி. அது போதாதென்று மாதாமாதம் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் அடித்து, அங்கிருப்பவர் திரையைப் பார்த்து எண்ணை வாசிக்கக் கேட்டபின்தான் டிக் போடுவார். இமிக்ரேஷன் ஆபீசர் என்று நான் கிண்டல் செய்வேன். "எல்லா மிஷினும் ஒன்னுபோலதான் இருக்கும்னு நெனச்சேனா அன்னிக்கே செத்தேன் லா" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு சொல்வார்.

அந்த இரண்டு வழிக்கும் காரணம் நம்மவர் பெயர்கள். அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி என்று மலாய்ச் சுருக்கத்தில் ஒரு சாய்கோடு நிற்கும். சீட்டு, நோயாளியின் பெயரிலேயே ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும்; கோப்பின் பெயரில் சாய்கோடு வரக் கூடாது. புதிய வெர்ஷன் அந்தக் கோட்டைத் தானே சிறு கோடாக மாற்றிக்கொள்ளும். பழையதற்கு அது புரியாது. சத்தமில்லாமல் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும். அங்கே கோட்டை மாற்றிக் கொடுப்பது அக்காவின் பழைய வழி. மலாய்க்காரர் பெயரிலும் சீனர் பெயரிலும் கோடு இல்லை. என் பெயரில் இருக்கிறது.

எல்லா நிலையங்களிலும் புதிய வெர்ஷன் போட்டாகிவிட்டது என்று மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய வழி இனி எதற்கு என்று அதை வெட்டி எறிந்தேன். நாற்பது வரி பன்னிரண்டாகச் சுருங்கியது. என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. எனக்கு ஒரே பெருமை. தைப்பூசத்துக்கு விடுப்பில் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, பையைத் தோளில் மாட்டியபடி தாளைப் பார்த்தார்.

"பாகான் செராய்க்குப் போன் அடிச்சியா?"

"அடிச்சேன்க்கா."

அடிக்கவில்லை. மதியம் அடிக்கலாம் என்று இருந்தேன், பிறகு மறந்தே போனேன்.

"நீ கேட்டே, நான் கேக்கல. டிக்க நீயே போட்டுரு" என்று பென்சிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பாகான் செராயில் மூன்று தமிழர்களுக்குச் சீட்டு வரவில்லை. அங்கே இன்னும் பழைய வெர்ஷன்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேன் ஓட்டுநரும் தமிழர்தான். "நம்ம ஆளுங்க கோயிலுக்குப் போவ லீவு சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சேன்" என்றார் பிறகு. வேறு எந்த வாரமாக இருந்தாலும் அவர் கேட்டிருப்பார். இரண்டு பேரை வீட்டார் காரில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மூன்றாமவர் தனியாக இருந்த ஓர் அம்மாள். மதியம்வரை வாசல் கேட்டைப் பிடித்தபடி வேனுக்காக நின்றிருக்கிறார். மறுநாள் திருவிழா, நிலையம் மூடியிருந்தது. அதற்கும் மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தார். அதைக் கேட்டபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோப்பையிலிருந்த மைலோ பானத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

விசாரணையில் மேலாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: பாகான் செராயில் கேட்டுச் சரிபார்த்தது யார்? ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் இருந்தது அக்காவின் பெயர். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் வந்தது. "நான்தான். கேக்காம விட்டுட்டேன்."

மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கையில் சொன்னார்: "ஒன்னக் காப்பாத்தணும்னு சொல்லல. நீ சொல்லுவே சொல்லுவேன்னு பாத்தேன். பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. அதான் சொன்னேன்." கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பல வருஷம் கழித்து, போன வாரம் ஈப்போவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. டியூஷன் சென்டர் ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாராம். நலம் விசாரித்தார், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். எழுந்து போகும்போது, "பாகான் செராய்ல இப்ப என்னா வெர்ஷன்?" என்றார். எண்ணைச் சொன்னேன்.

"கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

உண்மையாகவே கேட்டிருந்தேன். அன்று காலைதான் போன் அடித்தேன். அங்கிருந்த பெண் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். இப்போதெல்லாம் மாதாமாதம் கேட்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது அன்றைய அதே சொல், அதே குரலில். அக்கா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து தாளின் முன்னால் பென்சிலோடு உட்கார்ந்தேன். தாளிலிருக்கும் அந்த எண்ணே இன்று பாகான் செராயில் இல்லை, கணினியையே எப்போதோ மாற்றிவிட்டார்கள். ஒரு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும்? பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, கழன்ற மூலையை விரலால் அழுத்தி ஒட்டினேன்.