காற்று அளக்க வந்தவர்

தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த இறால் கம்பெனியில், தோல் உரிக்கிற பெண்கள் இரண்டு பேர் மூச்சுமுட்டி மயங்கியதும், காற்றோட்டம் அளக்க ஒருவர் வந்தார். காது நிறைய முடி. கையில் சின்னக் காத்தாடி வைத்த மீட்டர். ஒவ்வொரு காற்றுக்குழாயிலும் நீட்டுவதற்கு முன்னால், அதைத் தானே ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்வார். ஊதினால் சுற்றும். நீட்டினால் நின்றுவிடும்.

மேனேஜர் விடவில்லை. "ஒம்ம மீட்டருதான் ரிப்பேரு. காத்து நல்லாத்தான் வருது. இவளுவ சாப்பிடாம வந்து விழுதாளுவ" என்று கால்மணி நேரம் பேசினார்.

வந்தவர் மீட்டரை மேனேஜரின் வாய்க்கு நேராக நீட்டினார். காத்தாடி சுழன்றது.

"இந்தக் கட்டடத்துலயே இங்கன மட்டுந்தான் காத்து வருது, அண்ணாச்சி" என்றவர், அதையும் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரமே ஹெட் ஆபீஸிலிருந்து நாலு புது ஃபேன் வந்தது. எந்த வரியைப் படித்துவிட்டு அனுப்பினார்களோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.