கிழக்குக் காலிப்பர், மேற்குக் காலிப்பர்

போன வாரம் பெங்களூரில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, காகித டம்ளரில் காபி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரே ஒரு மெக்கானிக் சக்கரத்தருகே ஒரு மெஷினை மாட்டிவிட்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறந்து, "பிரேக் பெடல் மிதிக்க ஆள் வேணாமா?" என்றேன். "காத்த மெஷினே இழுத்துடும் சார்" என்றார், தலையைத் தூக்காமல்.

கதவைத் திறந்ததில் பிரேக் ஆயில் வாசனை வந்தது. விளக்கெண்ணெயில் வார்னிஷைக் கலந்து வெயிலில் வைத்தது மாதிரி. அவ்வளவுதான், முழங்கை வரை கரியோடு, தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் குந்தியிருந்தேன்.

அன்று அக்காவுக்கு நிச்சயதாம்பூலம். குடியாத்தத்தில், மாப்பிள்ளை வீட்டில். நாலரை மணிக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் நல்ல நேரம் இல்லை. ஊரெல்லாம் முகூர்த்தம் என்பதால் வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருந்தது எங்கள் பழைய கார்தான். பிரேக்கை மிதித்தால் கரகரவென்று கத்திக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்கும். வழியில் பேரணாம்பட்டு மலையிறக்கம் வேறு. பிரேக் இல்லாமல் இறங்கினால் நாலரைக்கு முன்பே போய்ச் சேரலாம், ஆனால் வேறு இடத்துக்கு.

ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் திங்கட்கிழமைதான் முடியும் என்றுவிட்டார். நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, பிரேக் பற்றிப் பதினோரு வீடியோ பார்த்திருந்தேன். "ரெண்டு போல்ட்டும்மா. கழட்டி, ரப்பர் சீல் மாத்தி, நானே மாட்டிடறேன்" என்றேன். அப்பா முந்தின நாளே குடியாத்தம் போய்விட்டார். அம்மா உடனே பெரியப்பாவுக்கு போன் போட்டாள்.

ஏகாம்பரம் பெரியப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை, மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து பிரேக் பிடித்து இறக்குவார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் மணிதான். ஒரு மணி என்றால் நில். இரண்டு, இறக்கு. நாலு, ஏற்று. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்துப் போ. எத்தனையோ பேரைப் பாதாளத்துக்கு அனுப்பிப் பத்திரமாகத் திருப்பி எடுத்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் பிரேக் விஷயம் என்றதும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

சக்கரத்தைக் கழற்றினால் பளபளவென்று ஒரு வட்டத் தட்டு தெரியும். அதைக் கவ்விப் பிடித்திருக்கும் இரும்பு நண்டுதான் காலிப்பர். முன்சக்கரங்களில் இருந்த இரண்டு நண்டுகளையும் கழற்றிச் செய்தித்தாளில் வைத்தேன்.

"மார்க் போட்டியாடா?"

"எதுக்கு பெரியப்பா? ரெண்டே ரெண்டுதான கீது."

"ரெண்டு கீறதாலதான்டா மார்க்கு."

சாக்பீஸ் எடுத்து ஒன்றில் ஈஸ்ட், இன்னொன்றில் வெஸ்ட் என்று எழுதினார். இடது, வலது என்று எழுதலாமே என்றேன். "நீ முன்னால நின்னா ஒரு லெஃப்ட்டு, பின்னால நின்னா ஒரு லெஃப்ட்டு. எங்க ஷாஃப்ட்டுல ஈஸ்ட் கேஜு, வெஸ்ட் கேஜு. என் சர்வீஸு முழுக்க ஒரு நாளும் மாறல" என்றார். பதினோரு வீடியோவிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அசந்துபோனேன்.

சீல் மாற்றி முடிக்கும்போது தண்ணீர் டேங்கர் வந்தது. எங்கள் லைனில் டேங்கருக்கு வழிவிடாதவனை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. "நிச்சயதார்த்தம் எங்கியும் ஓடாது, வண்டியத் தள்ளு" என்று குடங்கள் கூடிவிட்டன. காலிப்பர் இல்லாமலே அவசரமாகச் சக்கரங்களை மாட்டி, பெரியப்பாவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, மைதானம் வரை தள்ளி, டேங்கர் போனதும் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். போகும்போது காரின் மூக்கு, சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்திருந்தது. வந்து நின்றபோது ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தது. யார் கவனிக்கிறார்கள்? கிழக்கில் ஈஸ்ட்டை மாட்டினேன், மேற்கில் வெஸ்ட்டை மாட்டினேன்.

அடுத்து, குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரிலுள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதிங்க பெரியப்பா!" என்று கத்தினேன். அசைவே இல்லை.

"மிதிங்க!"

"வாயில சொன்னா காலு வராதுடா. மணி அடி."

சக்கரத்துக்குள் தலையை விட்டபடி ஸ்பேனரால் தட்டினேன். இரண்டு தட்டு, பெடல் இறங்கியது. ஒன்று, நின்றது. நாலு, ஏறியது. அற்புதமான கால். ஆனால் எத்தனை முறை செய்தும் பெடல் ஊறின பஞ்சு மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இதற்குள் லைனிலிருந்த சுரங்கப் பென்ஷன்காரர்கள் நாற்காலியோடு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"நடுவுல கேப் விட்டா அது ரெண்டு இல்ல தம்பி, ஒண்ணு, ஒண்ணு."

"இவன் மணிய நம்பி எறங்கினா கீழ் லெவலுக்கா போவோம்? நேரா மேலோகம்."

பகல் ஒரு மணி ஆகிவிட்டது. அம்மா தாம்பூலத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தாள். ஆயில் பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அக்கா வந்தாள். அப்போது பெங்களூரில் நர்ஸ், தினமும் விடிவதற்கு முன் ரயில் பிடிக்கிறவள். பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

"இன்னாடா?"

"காத்து போவமாட்டேங்குதுக்கா."

உள்ளே எட்டிப் பார்த்தாள். "நிப்பிளு கீழ பாத்துனு கீதே. நாங்க ட்ரிப் போட்டா பாட்டில்ல காத்து எங்க நிக்கும்?"

"மேல..."

"அப்ப கீழ தொறந்து வெச்சினு இன்னா பண்ற, பூஜையா?"

"அதெல்லாம் ஈஸ்ட் ஈஸ்ட்லதான் கீது" என்றார் பெரியப்பா, சீட்டிலிருந்து கறாராக.

"பெரியப்பா, காலைல வண்டி எந்தப் பக்கம் பாத்துனு நின்னுச்சு?"

லைன் மொத்தமும் சயனைடு மேட்டைப் பார்த்தது. பிறகு ஸ்டேஷனைப் பார்த்தது. "டேங்கர்காரன்..." என்று ஆரம்பித்த பெரியப்பா பெடலிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

ஈஸ்ட்டை மேற்கிலும் வெஸ்ட்டைக் கிழக்கிலுமாக இடம் மாற்றி மாட்டினேன். இரண்டு நிப்பிளும் வானத்தைப் பார்த்தன. "நீ தொற, நான் தட்டறேன்" என்று ஸ்பேனரை அக்கா வாங்கிக்கொண்டாள். வளையல் சத்தத்தோடு அவள் அடித்த மணியில் பென்ஷன்காரர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் பெரியப்பா சொன்னார்: "கல்லு மாதிரி கீது."

லைனை இரண்டு முறை சுற்றி, பிரேக்கைப் பத்து தடவை பிடித்துப் பார்த்தேன். நின்றது. எல்லோரும் ஏறி நான் கியர் போட்டதும் பக்கத்து சீட்டிலிருந்து பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். "ஆள் ஏறியாச்சுன்னு யார் சொன்னது?" பின்சீட்டிலிருந்து அக்கா கதவில் மூன்று தட்டுத் தட்டினாள். "இப்பப் போ" என்றார். மலையில் வளைவுக்கு வளைவு என்னோடு சேர்ந்து அவரும் தன் பக்கத்துத் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். நாலே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையை முகர்ந்து, "இன்னா வாசனை கண்ணு இது?" என்று கேட்டார். "மூட்டுவலித் தைலம் அத்தை" என்றாள் அக்கா. அந்தத் தைலத்தை வாங்கித்தரச் சொல்லி அவர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கார் காயலான் கடைக்குப் போய்விட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசியாக, போன வருஷம், பெரியப்பா. குடியாத்தத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். அவரை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும், அக்கா கிட்டே போய் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள்.

வேன் நகரவில்லை. பங்காருப்பேட்டையிலிருந்து வந்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏன் மேடம், ஏனாதரு பேக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏதாவது வேண்டுமா என்று.

அந்த மணிக்கு அர்த்தம் தெரிந்தவர் உள்ளே படுத்திருந்தார். நான்தான் முன்னால் போய், "ஏனில்லா, ஹோகி" என்றேன். ஒன்றுமில்லை, போங்கள் என்று வாயால் சொன்னேன். வண்டி போய்விட்டது.